ஸ்மட்ஸ் பெயரில் ஒரு பேராசிரியர் இருக்கை

அன்புள்ள ஐயா,

இந்திய ஆட்சி மாற்ற ஆவணங்களைத் தொகுத்த நிக்கோலஸ் மான்சர் பற்றித் தேடியபோது, அவர் கேம்பிரிட்ஜில் 'ஸ்மட்ஸ் பேராசிரியர்' என்று கண்டேன். தென்னாப்பிரிக்காவில் காந்தியைச் சிறையில் போட்ட அந்த ஸ்மட்ஸா? நான் இருப்பது தில்லையாடிக்குப் பக்கத்தில். வள்ளியம்மை கதை கேட்டு வளர்ந்தவளுக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை. இங்கேயும் எங்கள் மாவட்டத்தின் மறைந்த அமைச்சர் ஒருவர் பெயரில் பல்கலைக்கழகத்தில் இருக்கை, அதாவது ஒரு பேராசிரியர் பதவி, அமைக்க நிதி திரட்டுகிறார்கள். குழுவில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?

ஒரு கல்லூரி ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அவரேதான். ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் மீது போட்ட 3 பவுண்டு வரியையும், நம்மவர் திருமணங்கள் செல்லாது என்ற தீர்ப்பையும் எதிர்த்து 1913இல் நடந்த போராட்டத்தில் வள்ளியம்மை சிறை போனார். காய்ச்சலோடு வெளியே வந்தவர், 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்துபோனார். அப்போது அரசுத் தரப்பில் காந்தியோடு பேச்சு நடத்திய அமைச்சர் ஸ்மட்ஸ்.

அதே ஆண்டு வரி ரத்தானது. ஆனால் மனிதர் மாறிவிடவில்லை. 1946இல் அவர் தென்னாப்பிரிக்கப் பிரதமராக இருந்தபோதுதான் அந்நாட்டின் நேட்டால் மாகாணத்தில் இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1945இல் ஐ.நா. சாசனத்தின் முன்னுரையில் மனித உரிமை பற்றி எழுதிய கை அவருடையது. மறு ஆண்டே அதே ஐ.நா.வில் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிய விஜயலட்சுமி பண்டிட் எழுந்து நின்று அவருடைய அரசைக் கேள்வி கேட்டார், தீர்மானமும் நிறைவேறியது. உங்கள் கோபத்தில் ஒரு குறையும் இல்லை.

அப்படிப்பட்டவர் பெயரில் ஏன் இருக்கை? ஸ்மட்ஸ் கேம்பிரிட்ஜில் சட்டம் படித்தவர். 1948 முதல் 1950இல் இறக்கும் வரை அந்தப் பல்கலைக்கழகத்தின் வேந்தர். இறந்ததும் அவர் நினைவாக நிதி சேர்த்து, 1952இல் இருக்கையை நிறுவினார்கள்.

ஆனால் அங்கே வைத்த பாடத்தைப் பாருங்கள். 'ஸ்மட்ஸ் சிந்தனை' அல்ல, காமன்வெல்த் வரலாறு. பேராசிரியரைத் தேர்ந்தெடுப்பது பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழு. விளைவு என்ன? முதலில் வந்த மான்சர், நீங்கள் சொன்ன அந்த ஆட்சி மாற்ற ஆவணங்களின் 12 தொகுதிகளுக்குத் தலைமைப் பதிப்பாசிரியர் ஆனார். நம் சுதந்திரத்துக்கு முந்தைய ஐந்தாண்டுகளில் லண்டனும் டெல்லியும் பரிமாறிக்கொண்ட தந்திகளும் குறிப்புகளும் அதில்தான் கிடைக்கின்றன. அவருக்கு அடுத்து வந்த எரிக் ஸ்டோக்ஸ், 1857இல் வட இந்திய விவசாயி ஏன் கிளர்ந்தான் என்பதை ஊர் ஊராக, நில வரிக் கணக்கோடு ஆராய்ந்தவர். 2017இல் வந்தவர் சால் டுபோ. தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். அந்நாட்டு இனப் பாகுபாடு எப்படி உருவாயிற்று, அதற்கு எந்தெந்த அறிவியல் முட்டுக் கொடுத்தது என்பதே அவருடைய வாழ்நாள் ஆய்வு. ஸ்மட்ஸின் பெயரைச் சுமக்கும் இருக்கையில் உட்கார்ந்து ஸ்மட்ஸின் காலத்தைத் தோலுரிக்க ஒருவரால் முடிகிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. அந்தப் பெயரை எடுக்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே தலைவர்கள் பெயரில் இருக்கும் இருக்கைகள் பலவற்றில் அந்தத் தலைவரேதான் பாடம். நூற்றாண்டு விழா, கருத்தரங்கு, மலர் வெளியீடு என்று வருஷம் ஓடிவிடுகிறது. அந்தத் தலைவர் எடுத்த ஒரு முடிவு தவறு என்று அங்கே வேலை பார்க்கும் இளம் ஆய்வாளர் எழுதினால் அவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அமைச்சர் பாசனத்துக்கு உழைத்தவர் என்றால் காவிரி டெல்டாவின் நீர் மேலாண்மைக்கு இருக்கை வையுங்கள். பெயர் அவருடையதாகவே இருக்கட்டும்.

பணத்தையும் கவனியுங்கள். மூலதனத்தைத் தொடாமல், வட்டியில் மட்டும் ஒரு பேராசிரியருக்கு முழுச் சம்பளம் வர வேண்டும். அதற்குப் போதாத தொகையை வைத்துக்கொண்டு தொடங்கினால், ஏற்கெனவே இருக்கும் ஒருவரிடம் கூடுதல் பொறுப்பாகக் கொடுப்பார்கள், பெயர்ப்பலகைதான் மிஞ்சும். தொகை குறைவு என்றால் ஆராய்ச்சி மாணவர் ஒருவருக்கு உதவித்தொகை என்று ஆரம்பிப்பதே மேல்.

குழுவில் சேருங்கள். ஆனால் அதற்கு முன் பல்கலைக்கழகத்தோடு போடப்போகும் ஒப்பந்தத்தின் வரைவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தேர்வுக் குழுவில் குடும்பத்தாருக்கோ கட்சிக்காரர்களுக்கோ இடம் இருந்தால், அதை எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.