கேட்டீர்கள், சொல்கிறோம்: ஆற்றிலும் அலையாத்திக் காட்டிலும் படகு

பாமணியாற்றில் கயாக் விட ஆசை. எந்த மாதம் தோது?
– மன்னார்குடி வாசகர்

மழையைப் பார்த்து மாதம் குறிக்காதீர்கள், ஷட்டரைப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். இருப்பைப் பொறுத்துத் தேதி முன்பின் ஆகும். மூடிய சில வாரங்களில் ஆறு மணலாகிவிடும். கோடை முழுக்க கயாக்கைத் தலையில்தான் சுமக்க வேண்டும். தண்ணீர் வந்து சேரும் முதல் வாரமும் உதவாது. காய்ந்த காட்டாமணக்குக் குச்சி, கருவேல முள், பிளாஸ்டிக் குப்பை எல்லாம் அந்தத் தண்ணீரோடுதான் உருண்டு வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாசன ஆறே வடிகாலாகவும் வேலை பார்ப்பதால் அப்போதும் இறங்க வேண்டாம். மிஞ்சுவது ஆகஸ்ட், செப்டம்பர், பிறகு ஜனவரி. எங்கள் ஓட்டு ஜனவரிக்குத்தான்.

முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் நேற்று இடுப்பளவு இருந்த ஆறு இன்று கழுத்தளவு ஆகலாம். ஷட்டரைத் திறந்து மூடும் பாசன ஊழியரான பகுதி லஸ்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிறகு கரையில் 10 மீட்டர் அளந்து, நடு ஓட்டத்தில் ஒரு குச்சியைப் போட்டு நேரம் பாருங்கள். 10 நொடியில் கடந்தால் ஓட்டம் மணிக்கு 3.6 கி.மீ. புதிதாகத் துடுப்புப் போடுகிறவரின் வேகமே மணிக்கு 4, 5 கி.மீ.தான், எதிர்த்துத் திரும்புவது நடக்காது. 20 நொடிக்கு மேல் எடுத்தால் இறங்கலாம். அப்போதும் முதலில் மேல்நோக்கிப் போங்கள். களைத்த கைக்கு ஆறு உதவ வேண்டும்.

கதவணைக்கு இரு பக்கமும் குறைந்தது 100 மீட்டர் தள்ளியே இருங்கள். மேல்பக்கம் தண்ணீர் அசையாதது போலத் தெரியும், ஆனால் ஷட்டருக்கு அடியில் இழுத்துக்கொண்டிருக்கும். படகு கதவில் ஒட்டிவிட்டால் பிரித்தெடுக்க முடியாது. கீழ்ப்பக்கம் விழும் தண்ணீர் மேலாகத் திரும்பி அணையை நோக்கியே உருளும். லைஃப் ஜாக்கெட் போட்டவரையும் அது அந்த இடத்திலேயே சுற்ற வைக்கும். படகைக் கரையேற்றித் தூக்கிப்போய் அந்தப் பக்கம் இறக்குவது ஒன்றே வழி. ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கும் பாலத் தூண்களுக்கும் இதே விதி.

முத்துப்பேட்டைக் காயலில் எங்கள் படகு தரைதட்டி மாலைவரை நின்றது. ஓதக் கணக்கு, அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் நேரம், எப்படிப் பார்ப்பது?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

நீங்கள் வற்றத்தோடு, அதாவது கடல் நீர் இறங்கும் நேரத்தில், போயிருக்கிறீர்கள். கோரையாற்றில் வற்றம் படகைத் தானாகவே காயலுக்கு இழுத்துப் போகும், சுகமாகத்தான் இருக்கும். போய்ச் சேரும்போது காயலில் தண்ணீர் இருக்காது. பல இடங்களில் ஏற்றத்திலேயே, கடல் நீர் ஏறும்போதே, இடுப்பளவு தேறாது.

ஏற்றம் ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்து ஜாம்புவானோடைத் துறையிலிருந்து கிளம்புங்கள். எதிர் ஓட்டம் அப்போது இன்னும் பலம் பிடித்திருக்காது. ஆறு மணி நேரத்தில் ஏறும் மொத்த மட்டத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் 2, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் 2, ஆறில் ஒன்று என்று ஏறும். நடு இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் வந்துவிடுகிறது. அந்த வேகத்தைத் திரும்பும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் தட்டினால் தண்ணீரே தூக்கிவிடும். வற்றத்தில் தட்டினால் சேற்றுக்குக் காவல்தான்.

ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் பின்தள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் கூடுதல், அஷ்டமியை ஒட்டிக் குறைவு. ஓத அட்டவணையில் இருப்பது கடற்கரை நேரம்; உள்ளே தாமதமாக வரும். துறையில் மூங்கில் குச்சி நட்டு, தண்ணீர் மட்டத்தில் கோடு கிழித்து, கால் மணிக்கு ஒருமுறை பாருங்கள். மழைக்காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஆற்று வெள்ளம் வரும்போது ஏற்றம் அதைச் சற்று மந்தப்படுத்துவதோடு சரி.

தட்டிவிட்டால் இறங்கித் தள்ளாதீர்கள். முழங்கால்வரை புதையும், சேற்றுக்குள் கிடக்கும் சிப்பி பாதத்தைக் கிழிக்கும். துடுப்பின் தகட்டைப் படுக்கையாக வைத்து, எடையைப் பின்பக்கம் மாற்றி, வந்த வழியே பின்னால் உந்துங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு காப்புக்காடு என்பதால் வனத்துறை அனுமதி பெற்றே போக வேண்டும்.

காற்றடைக்கும் கயாக் வாங்கலாமா? விலை குறைவாக இருக்கிறதே?
– நாகப்பட்டினம் வாசகர்

முள்ளும் சிப்பியும் உள்ள நம் ஊருக்குத் தாங்காது. மேலே உட்காரும் கெட்டி பிளாஸ்டிக் கயாக், சுமார் 3 மீட்டர் நீளம் போதும். குறுகிய வாய்க்காலில் திரும்பும். ஏற்கெனவே காற்றுக் கயாக் வாங்கியிருந்தால் நிழலில் கரையேற்றுங்கள். காலையில் விறைப்பாக அடைத்துவிட்டு மதிய வெயிலில் கரையில் போட்டால், உள்ளே காற்று விரிந்து ஒட்டு பிரியும்.

பிச்சாவரத்தில் கிளையை ஒடிக்காதே என்று படகோட்டி கத்தினார். ஏன்?
– சீர்காழி வாசகர்

தில்லை மரமாக இருந்திருக்கும். ஒடித்தால் வரும் பால் தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். பட்டுவிட்டால் கசக்காமல், குடிக்கக் கொண்டுபோன தண்ணீரால் தொடர்ந்து 15 நிமிடம் கழுவி, நேரே கண் மருத்துவரிடம் போங்கள். உப்பங்கழித் தண்ணீரால் கழுவ வேண்டாம்.