முதலில் இழுப்பறையைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: புதிதாகக் குடித்தனம் தொடங்கியிருக்கிறோம். கையில் பணம் அதிகம் இல்லை. வீட்டைக் காலி செய்பவர்கள் கார் கொட்டகையிலும் வாசலிலும் பரப்பி விற்கும் பொருள்கள், பள்ளிகளும் சங்கங்களும் நிதி திரட்ட நடத்தும் பழம்பொருள் விற்பனை ஆகியவற்றில் வீட்டை அழகுபடுத்தும் சாமான்களை நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். நான் வாங்கியிருக்கிறேன். இவ்வளவோடு பதிலை முடித்திருப்பேன். ஆனால் எனக்கு முன் பதில் எழுதிய ஒருவர், "அடுத்தவர் கழித்துக் கட்டியதைக் காசு கொடுத்து வாங்கி நடுக்கூடத்தில் வைப்பதைவிட வெறும் வீட்டில் இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை. என் அப்பா தச்சர். அவர் செய்த சாமான்களில் பல இன்று யார் வீட்டில் இருக்கின்றன என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஏதோ ஒரு வாசலில் விற்பனைக்கு நிற்கலாம். அதைக் "கழித்துக் கட்டியது" என்று ஒருவர் தாண்டிப் போவதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது என்றே நினைக்கிறேன். முன்பணம், வண்டிக்கூலி, சமையலறைச் சாமான் என்று கொடுத்து முடித்தபின் கூடத்தில் நான்கு அட்டைப்பெட்டிகள் மிஞ்சியிருக்கும். துணிமணி இன்னும் பயணப்பெட்டியிலேயே கிடக்கும். பேசினால் சுவர் திருப்பிப் பேசும். எங்கள் முதல் வீடு அப்படித்தான் இருந்தது. நானும் என் கணவரும் ஆறு மாதம் பெட்டியிலிருந்தே துணி எடுத்து உடுத்தினோம்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அம்மா இறந்துபோன வீடு. ஐம்பது வயது மதிக்கத்தக்க மகள் ஒருத்தியாக நின்று எல்லாவற்றையும் கொட்டகையில் எடுத்து வைத்திருந்தார். விளக்குகள், படச்சட்டங்கள், பூச்சாடிகள், ஒரு நிலைக்கண்ணாடி. மூலையில், போர்வைகள் குவிந்து கிடந்த அடியில், நான்கு அடுக்கு இழுப்பறைப் பெட்டி ஒன்று இருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் விலைக்குக் கீழே "இரண்டு அறைகள் திறக்காது" என்று எழுதியிருந்தார்.

அப்பா எந்த மரச்சாமானைப் பார்த்தாலும் முதலில் குனிந்து அடியைத்தான் பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. மேலிருந்த முதல் அறையை உருவித் தலைகீழாகத் திருப்பினேன். அடிப்பலகையில் இழைப்புளி ஓடிய தடம் சின்னச் சின்ன அலையாக விரலுக்குத் தட்டுப்பட்டது. முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் ஆணியே இல்லை. புறாவின் வால்போல் விரிந்த பற்களை அறுத்து ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தார்கள். பற்கள் எல்லாம் ஒரே அளவாக இல்லை, ஓரத்தில் உளிக்கோடு கொஞ்சம் தாண்டிப் போயிருந்தது. இயந்திரம் அறுத்ததில்லை, கையால் அறுத்தது. பின்பலகையில் பென்சிலால் 1 என்று எழுதியிருந்தது.

கையால் செய்த இழுப்பறைகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அளவில் ஒன்றாக இருக்காது. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் நுழைத்துப் பார்த்து, இடிக்கும் இடத்தை இழைத்து, மறுபடி நுழைத்துப் பார்த்துப் பொருத்துவார்கள். எது எந்த இடத்துக்கு என்று பின்னால் குறித்து வைப்பது அதற்காகத்தான். நான்காவது எளிதாக வந்தது, 4 என்றே இருந்தது. நடுவில் சிக்கியிருந்த இரண்டையும் அந்த மகளும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அசைத்து அசைத்து வெளியே எடுத்தோம். இரண்டாவது இடத்தில் இருந்ததன் முதுகில் 3. மூன்றாவது இடத்தில் இருந்ததில் 2.

மாற்றிச் செருகினேன். இரண்டும் ஒரு தள்ளலில் உள்ளே போயின. கடைசி ஒரு விரற்கடை தூரத்தில் உள்ளிருந்த காற்று மெல்லப் பிதுங்கி வெளியேறும் சத்தம் கேட்டது. நன்றாகப் பொருந்திய இழுப்பறைக்குத்தான் அந்தச் சத்தம் வரும். அந்த மகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எப்போதோ வெள்ளையடிக்க நகர்த்தியபோது மாற்றி வைத்திருப்போம். மரம் ஊதிவிட்டது என்றே அம்மா நினைத்துக்கொண்டிருந்தார்" என்றார்.

இங்கேதான் சிலர் என்னைக் குறை சொல்லக்கூடும். விஷயம் தெரிந்தவள், தெரியாதவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கிவிட்டாள் என்று. அப்படி இல்லை. பணம் கொடுக்கும் முன்பே அவரிடம் சொன்னேன்: "இது பழுதில்லை என்று இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. விலையை மாற்றிச் சொல்லுங்கள்." அவர் சீட்டைக் கிழித்துக் கையில் மடக்கிக்கொண்டு, "எழுதியது எழுதியதுதான். எண்ணைப் படிக்கத் தெரிந்த வீட்டுக்குப் போகட்டும்" என்றார். நான் பேரம் பேசவில்லை. துக்க வீட்டைக் காலி செய்பவரிடம் பாதி விலைக்குக் கேட்டு நிற்பவர்களை அன்றைக்கே அங்கே பார்த்தேன். பேரம் தவறென்று சொல்லவில்லை, எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் செய்த வேலை அதிகமில்லை. சறுக்குக் கட்டைகளில் மெழுகுவத்தியைத் தேய்த்தேன். காணாமல் போயிருந்த ஒரு குமிழுக்கு இணை கிடைக்காததால் எட்டையும் மாற்றினேன். மேற்பலகையில் சூடான கோப்பை வைத்த வெள்ளை வட்டம் இருந்தது. வெள்ளையாக இருந்தால் ஈரம் மெருகுப் பூச்சில்தான் தங்கியிருக்கிறது, பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். கறுத்திருந்தால் தண்ணீர் மரத்துக்குள் இறங்கிவிட்டது, அதை எடுப்பது கடினம். பழைய சாமான்களில் அரக்கு மெருகு இருக்க வாய்ப்புண்டு. மறைவான இடத்தில் பஞ்சில் துளி ஸ்பிரிட் தொட்டு வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு, வட்டத்தை ஸ்பிரிட் கொண்டு துடைக்காதீர்கள், மெருகே கரைந்து போய்விடும். பின்பலகை எண்களை மட்டும் நான் தொடவில்லை. இன்றும் துடைக்கும்போது அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் துடைக்கிறேன்.

அதை வைத்த பிறகுதான் அந்தக் கூடம் கூடமாக ஆனது. அதன்மேல் ஒரு விளக்கு, பக்கத்தில் ஒரு செடி, வேறெதுவும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். கணவரின் அத்தை வந்தவர் தடவிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, சொல்லியிருந்தால் நாங்களே புதிதாக ஒன்று வாங்கித் தந்திருப்போமே, யாருடையதோ என்னவோ" என்றார். அவர் அன்பில்தான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. "யாருடையதோ இல்லை அத்தை, பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு அம்மா துணி மடித்து வைத்தது" என்று சொல்லி, அறையை உருவிப் பற்களைக் காட்டினேன். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் திருகு ஒரு முறை கழன்றால் அதே துளையில் மறுபடி உறுதியாகப் பிடிக்காது, தண்ணீர் பட்டால் ஓரம் உப்பிவிடும் என்றும் சொன்னேன். புதிய சாமான்கள் எல்லாமே மோசம் என்பது என் வாதமில்லை. நல்ல மரத்தில் புதிதாகச் செய்ய நம்மிடம் இருந்த பணம் போதாது. அவ்வளவுதான்.

இனி உங்களுக்கு. கூடத்தின் நீள அகலம், வாசற்கதவின் அகலம், மாடிப்படி திரும்பும் இடத்தின் அகலம் ஆகியவற்றை அளந்து ஒரு தாளில் எழுதிப் பையிலேயே வைத்திருங்கள். அழகாக இருக்கிறதே என்று வாங்கிவந்து வாசலோடு நின்றுபோன சாமான்கள் எனக்குத் தெரிந்தே நிறைய உண்டு. அளவுநாடா, சிறிய காந்தம், கைவிளக்கு மூன்றும் கூடவே போகட்டும். பித்தளை என்று சொல்லும் விளக்கிலோ சாடியிலோ காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாததெல்லாம் பித்தளை என்றும் ஆகிவிடாது, துத்தநாகத்திலும் ஒட்டாது. அதனால் கையில் தூக்கிக் கனத்தைப் பாருங்கள், அடியில் தேய்ந்த இடத்தின் நிறத்தைப் பாருங்கள்.

மரத்தில் குண்டூசித் தலை அளவு துளைகள் இருந்தால் பயப்பட வேண்டாம், கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்துத் தட்டுங்கள். வெளிறிய புதுத்தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கலாம், விட்டுவிடுங்கள். மெத்தை வைத்த நாற்காலி, சோபா பக்கம் நான் போகவே மாட்டேன். தையலோரத்தில் கறுப்புப் புள்ளிகள் மூட்டைப்பூச்சியின் அடையாளம், அது ஒரு முறை வீட்டுக்குள் நுழைந்தால் நீங்கள் மிச்சப்படுத்திய காசெல்லாம் அதற்கே போகும். திரைச்சீலை, மேசைவிரிப்பு போன்றவற்றை வாங்கலாம். துணி தாங்குமானால் உலர்த்தும் இயந்திரத்தில் அதிக வெப்பத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். விளக்கு வாங்கினால் வயரையும் பிளக்கையும் மாற்றாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புத் திட்டுகள் இருந்தால் பின்னாலுள்ள வெள்ளிப்பூச்சு ஈரத்தில் கெட்டுவிட்டது என்று பொருள். துடைத்தால் போகாது. சட்டத்துக்காக வாங்குங்கள், கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மிகப் பழையதென்றால் பின்பக்கத்தைச் சுரண்ட வேண்டாம். வெள்ளி பூசும் முறையை ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக் 1835-ல் கண்டறிந்ததற்கு முன்னும், அதன் பிறகு சில காலமும், வெள்ளீயத்தையும் பாதரசத்தையும் சேர்த்துத்தான் பூசினார்கள். பழைய வண்ணப்பூச்சுக்கும் இதே எச்சரிக்கை. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் சேர்ப்பதை அமெரிக்காவே 1978-ல்தான் தடை செய்தது. குழந்தை இருக்கும் வீட்டில் பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள்.

புதையல் கிடைக்கும் என்று மட்டும் போகாதீர்கள். நியூயார்க் மாநிலத்தில் ஒரு குடும்பம் 2007-ல் இப்படியொரு விற்பனையில் 3 டாலருக்கு வாங்கிய சீனக் கிண்ணம், சுமார் ஆயிரம் ஆண்டுப் பழைமையானது என்று தெரியவந்து, 2013-ல் சோத்பீஸ் ஏலத்தில் 22 லட்சம் டாலருக்கு மேல் போனது. உண்மைதான். ஆனால் அவர்கள் ஏலத்தை நினைத்து வாங்கவில்லை. பல ஆண்டுகள் வீட்டில் அலங்காரமாக வைத்திருந்தார்கள். நீங்களும் வைத்துப் பார்க்க ஆசையுள்ளதை வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. கேள்விக்கு நேர் சம்பந்தம் இல்லை என்று சிலர் சொல்லலாம், ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை. உயரமான இழுப்பறைப் பெட்டியைச் சுவரோடு பிணைத்தே ஆக வேண்டும். குழந்தை கீழறைகளை இழுத்துவிட்டு அதில் ஏறினால் பெட்டி அப்படியே முன்னால் சாயும். இப்படிப் பிள்ளைகள் இறந்ததால்தான் அமெரிக்காவில் 2022-ல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். பழைய பெட்டிகளை எந்தச் சட்டமும் சோதித்ததில்லை. எங்கள் மகள் எழுந்து நிற்கத் தொடங்கியபோது வீட்டு உரிமையாளரிடம் போய், இரண்டே இரண்டு திருகு போட அனுமதி கேட்டேன். சுவரில் ஓர் ஆணிகூடக் கூடாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். துளையை நாங்களே பூசிக் கொடுக்கிறோம் என்றோம், எழுதித் தருகிறோம் என்றோம். குழந்தை விஷயம் என்று கெஞ்சியும் பார்த்தோம். அவருக்குச் சுவர்தான் பெரிது. கனமானதையெல்லாம் அடியறையில் வைத்து, பெட்டியைக் கூடத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றி, அந்த அறையைப் பூட்டி, ஒவ்வொரு துணிக்கும் சாவி தேடிக்கொண்டு அந்த வீட்டில் ஒன்றரை ஆண்டு ஓட்டினோம். காலி செய்யும்போது, நாங்கள் வருவதற்கு முன்பே இருந்த ஐந்து ஆணித்துளைகளுக்கு முன்பணத்தில் பிடித்துக்கொண்டார். எங்களிடம் காட்ட ஒரு புகைப்படம்கூட இல்லை. வாடகை கொடுப்பவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது இவர்களுக்கு ஏன் தோன்றுவதில்லை?

ஆகவே உங்கள் வீட்டுச் சுவர் ஒவ்வொன்றையும் இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். பெட்டி வாங்கப் போகும் முன்பே திருகு போடும் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். இப்போதிருக்கும் வீட்டில் நாங்கள் சாமான்களை இறக்கி முடிக்கும் முன்பே அந்த இரண்டு திருகுகளையும் முடுக்கிவிட்டேன்.