ஒப்புட்டு தட்டுகிற கை: வாசகர் கேள்வி – பதில்

கோலம், கும்மி, களிமண், எழுத்து என்று கைக்கும் காலுக்கும் வேலை கொடுத்தால் உடம்பும் மனசும் தேறுமா என்று கேட்டு வந்த கடிதங்களில் ஆறை எடுத்துக்கொண்டோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும்.

எங்க அம்மாவுக்கு 64 வயசுங்க. நாலு மாசத்துக்கு முன்னால பக்கவாதம் வந்துச்சு. வலது கையில பிடிமானம் இல்லை, பேச்சும் சரியா வரலீங்க. ரப்பர் பந்து கொடுத்து அமுக்கச் சொல்றோம், விரல் இன்னும் மடங்கிக்கிட்டுத்தான் போகுது. களிமண் கொடுத்தா நல்லதுங்கறாங்க. கொடுக்கலாமுங்களா? — கோபிசெட்டிபாளையம்

கொடுக்கலாம். ஆனால் முதலில் அந்தப் பந்தை எடுத்து வையுங்கள். பக்கவாதம் வந்த கையில் பல பேருக்கு விரலை மடக்கும் தசைகள் தாமாகவே இறுகிக் கிடக்கும். சோர்ந்து போனவை விரிக்கும் தசைகள்தான். இறுகினதையே இன்னும் இறுக்கப் பழக்கினால் கை முஷ்டியாகிவிடும். அம்மாவுக்கு வேண்டியது உள்ளங்கை விரிகிற வேலை. ஒப்புட்டு, அதாவது போளி, தட்டுகிறபோது கை எப்படி விரிந்து நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகிறது, அந்த அசைவுதான் வேண்டும். எத்தனை நோம்பிக்கு எத்தனை ஒப்புட்டு தட்டிய கையோ, அதற்கு இதைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிராது.

களிமண் குளிர்ந்தும் கெட்டியாகவும் இருக்கும். அதனால் முதல் இரண்டு வாரம் மாவு போதும். மைதா 2 டம்ளர், தூள் உப்பு 1 டம்ளர், எண்ணெய் ஒரு கரண்டி, தண்ணீர் முக்கால் டம்ளரில் ஆரம்பித்துத் தேவைக்கு ஊற்றிப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும். நகக்கண்ணில் வெடிப்போ புண்ணோ இருந்தால் உப்பு சேர்க்காதீர்கள். மரத்துப்போன கைக்கு எரிச்சல் தெரியாது, நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மேசை முழங்கை மட்டத்துக்கு இருக்கட்டும். உயரமாக இருந்தால் தோளைத் தூக்கிக்கொண்டு அமுக்குவார், சாயங்காலம் தோள் வலி வரும். எலுமிச்சை அளவு உருண்டையை வாழை இலையில் வைத்து, வலது உள்ளங்கையை மேலே வைத்து, இடது கையால் அதைத் தாங்கி மெதுவாகத் தட்டையாக்கச் சொல்லுங்கள். அடுத்து உருட்டித் திரி ஆக்குவது. காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம். ஐந்தாவது நிமிடத்திலேயே விரல் சுருள ஆரம்பித்தால் கை களைத்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கை வீங்கினாலோ தோள் வலித்தாலோ பிசியோதெரபிஸ்டிடம் காட்டாமல் தொடர வேண்டாம்.

பிறகு களிமண். மண்பாண்டம் செய்கிறவர்களிடம் பிசைந்த மண்ணாகவே ஒரு கிலோ கேட்டு வாங்குங்கள். கல் பொறுக்கி மிதித்த மண் என்பதால் கையில் குத்தாது. அகல் விளக்கு முதல் பாடம். சுவர் ஒரே கனமாக, சுண்டுவிரல் அளவு இருக்கட்டும். ஓரம் மெலிந்தும் அடி தடித்தும் இருந்தால் ஓரம் முதலில் காய்ந்து சுருங்கும், அடி இன்னும் ஈரமாக இருக்கும், அந்த இழுபறியில் விளக்கு விரிசல் விடும். வெயிலில் வைக்காமல், ஈரத்துணி மூடி நிழலில் நாலைந்து நாள் காய விடுங்கள். காதோ பிடியோ ஒட்டும்போது இரண்டு பக்கமும் கீறிவிட்டு, குழைத்த சேற்றைத் தடவி ஒட்டவில்லை என்றால் காய்ந்ததும் கழன்று விழும். விரிசல் விட்டாலும் தூக்கிப் போட வேண்டாம். சுடாத மண் தண்ணீரில் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும், அடுத்த வாரம் அதுவே உதவும்.

பேச்சைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறோம். சொல்வது புரிந்தும் வார்த்தை வராதவர்கள் பழகின பாட்டைப் பாடிவிடுவதுண்டு. இதை வைத்து 1973இல் பாஸ்டனில் ராகத்தோடு பேசப் பழக்கும் முறையை உருவாக்கினார்கள். 'தண்ணி வேணும்' என்பதை இரண்டே சுரத்தில் இழுத்துப் பாடி, ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் மேசையைத் தட்டச் சொல்லுங்கள். முதலில் உங்களோடு சேர்ந்து, பிறகு அவர் தனியாக. பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது.

பனியன் கம்பெனியில பவர் டேபிள் டெய்லருங்க. வீட்டுக்கு வந்தாலும் மிஷின் சத்தம் காதுலயே ஓடுது, தூக்கம் வரமாட்டீங்குது. எம்ப்ராய்டரி கத்துக்கலாமான்னு யோசனை. — திருப்பூர்

எம்ப்ராய்டரி வேண்டாமே. பகலெல்லாம் குனிந்து தைத்த அதே கழுத்து, அதே கண், அதே விரல். ராத்திரியும் அதையே கேட்டால் தாங்காது. கை தோளிலிருந்து அசைகிற வேலை எடுங்கள். சிக்குக் கோலம் பொருந்தும். பஞ்சுத் தூசியில் இருந்து வருகிறவர் வீட்டுக்குள்ளேயும் கோலப்பொடி தூவ வேண்டாம், மாக்கோலமாகப் போடுங்கள்.

பச்சரிசி கால் டம்ளர் 2 மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, மோர் பதத்துக்குக் கரையுங்கள். உங்களுக்குத்தான் துணிக்குப் பஞ்சமில்லை, பருத்தி பனியன் வேஸ்ட் ஒரு துண்டை நனைத்து விரல்களுக்குள் வைத்து, மோதிர விரல் வழியாக ஒழுக விடுங்கள். பாலியெஸ்டர் கலந்த துணி மாவை உறிஞ்சாமல் சொட்டும். தண்ணீர் அதிகமானால் கோடு பரவும், குறைந்தால் நடுவில் அறுந்துபோகும். போட்டவுடன் கோடு மங்கலாகத்தான் தெரியும், தரையில் ஈரம் பட்ட மாதிரி. தெரியவில்லையே என்று மேலேயே இன்னொரு தடவை இழுப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. பத்து நிமிடம் பொறுங்கள், காயக் காய வெளுத்துக்கொண்டு வரும். காவித் தரை, சிமெண்ட் தரை நல்லது. வழவழ டைல்ஸில் பிடிக்காது.

முதலில் 1-3-5-3-1 என்று 13 நேர்ப்புள்ளி. கோடு புள்ளியைத் தொடக்கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். எந்தப் பக்கம் திரும்புவது என்று கண் தேடிக்கொண்டிருக்கும்வரை மிஷின் சத்தத்துக்கு அங்கே இடம் குறைவு. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 2016இல் 39 பேரை 45 நிமிடம் கலை வேலையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு எச்சிலில் கார்ட்டிசால் என்ற அழுத்தச் சுரப்பு குறைந்திருந்தது. முன்பே பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், அதனால் கோலம் போட்டால் தூக்கம் வரும் என்று நாங்கள் சத்தியம் செய்ய மாட்டோம். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் இல்லை என்றாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, பேசுங்கள், கட்டணம் இல்லை.

எனக்கு 48 வயசுங்க. ஊர்ல வள்ளி கும்மி பழகறாங்க, சேர ஆசை. முட்டி வலி இருக்கு. 'இந்த வயசுல ஆட்டமா'ன்னு மாமியார் வேற. — அன்னூர்

மாமியார் பேச்சுக்கு முதலில் பதில். உங்கள் பக்கத்து மேட்டுப்பாளையம் வட்டாரத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வள்ளி ஒயில் கும்மிக்காகத்தான். ஆண்கள் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தைப் பெண்களுக்குப் பழக்கியவர், விருது வந்தபோது வயது 87. 48 எல்லாம் ஒரு வயதா என்று அத்தையிடம் கேளுங்கள். அதைவிட நல்ல வழி, அவரையும் ஒரு நாள் பழகும் இடத்துக்குக் கூட்டிப் போவது. பாட்டு அவருக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும்.

முட்டிக்கு வருவோம். கும்மியில் முட்டியைக் கெடுப்பது குதிப்பதைவிடத் திரும்புவது. பாதம் தரையில் பதிந்திருக்க உடம்பு மட்டும் திரும்பினால் முழுத் திருகலும் முட்டியில் விழும். பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள், இடுப்பும் பாதமும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். குனிந்து தட்டும்போது முதுகை வளைக்காமல் இடுப்பில் மடியுங்கள். மண் தரை கிடைத்தால் சிமெண்ட் களத்தில் ஆடாதீர்கள். முதல் இரண்டு வாரம் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வீட்டில் நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைக் காலையில் 10, மாலையில் 10 தடவை செய்தால் தொடை பலப்படும், முட்டிக்குச் சுமை குறையும்.

ஒன்றை மறக்காதீர்கள். கூட்டமாக ஒரே தாளத்துக்கு ஆடும்போது வலி தாங்கும் அளவு கூடுகிறது. 2015இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பிரேசில் மாணவர்களை ஆடவைத்து அளந்தே பார்த்திருக்கிறார்கள். அந்த உற்சாகம்தான் கும்மியின் மருந்து, அதுவேதான் வம்பும். ஆடும்போது வலி தெரியாது, வீட்டுக்கு வந்து படி ஏறும்போது தெரியும். அதனால் 'வலித்தால் நிறுத்துகிறேன்' என்பது செல்லாது, கடிகாரம் பார்த்து நிறுத்துங்கள். முட்டி வீங்கியிருந்தாலோ நடக்கையில் பூட்டிக்கொண்டாலோ முதலில் எலும்பு மருத்துவர், பிறகு கும்மி.

ஏழு வயசுப் பையன். அப்பாவோட வண்டியில போனப்ப விபத்தைப் பார்த்துட்டான். இப்ப எல்லாப் படத்தையும் கறுப்பாலயே கிறுக்கறான். பயமா இருக்குங்க. — பொள்ளாச்சி

கறுப்பு என்றால் துக்கம், சிவப்பு என்றால் கோபம் என்று வாய்ப்பாடு எதுவும் கிடையாது. வெள்ளைத் தாளில் நன்றாகத் தெரிவது கறுப்பு, அவ்வளவாகக்கூட இருக்கலாம். கிரேயானைப் பிடுங்காதீர்கள். சார்ட் பேப்பரில் பாதி கொடுங்கள், சின்னத் தாளில் கையை முழுசாக வீச முடியாது. 'இது என்ன?' என்று கேட்டால் பரீட்சை மாதிரி ஆகிவிடும். 'இதைப் பத்திச் சொல்லு கண்ணு' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். சொன்னால் திருத்தாதீர்கள். லாரி பறந்தால் பறக்கட்டும். ஒரு மாதம் தாண்டியும் அதே படம், ராத்திரி அலறல், படுக்கையில் ஒன்றுக்குப் போவது, பள்ளிக்கு மறுப்பது என்று சேர்ந்து வந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள்.

தொழில்ல நட்டம். டைரி எழுதினா மனசு லேசாகும்னாங்க. எழுத எழுத இன்னும் பாரமாகுது. — பவானி

தினமும் எழுதுகிறீர்கள் போலிருக்கிறது. 1986இல் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் சோதித்தது ஒரு நாளைக்கு 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள், அத்தோடு சரி. எழுதி முடித்த உடனே மனம் கனப்பது அவர் சோதனையிலும் நடந்தது. நன்மை தெரிந்தது பல மாதம் கழித்துத்தான். படுக்கப் போகும்முன் எழுதாதீர்கள். ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால் 'நான்' என்பதை 'அவன்' ஆக்கி எழுதிப் பாருங்கள். வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் உண்மை வராது. எழுதி, கிழித்து, அடுப்பில் போட்டுவிடலாம். கடன் கணக்கைத் தனி நோட்டில் வையுங்கள், இரண்டும் கலந்தால் இரண்டும் உருப்படாது.

எங்க மகளிர் குழுவுல பனியன் வேஸ்ட்டைப் பின்னி வட்ட மிதியடி தைக்கறோம். மனசுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா மிதியடி கிண்ணம் மாதிரி குழியுதுங்க. — காங்கேயம்

சடையைச் சுற்றும்போது இழுத்துத் தைக்கிறீர்கள். வெளிச்சுற்று உள்சுற்றைவிட நீளம், அதற்கு வேண்டிய சடையைக் கொடுக்காமல் இழுத்தால் ஓரம் மேலே எழும்பும். தட்டையான மேசைமேல் வைத்தே தையுங்கள், மடியில் வைத்துத் தைத்தால் மடியின் வளைவு மிதியடிக்கு வந்துவிடும். லைக்ரா கலந்த துணியைப் பிரித்து ஒதுக்குங்கள், தைத்த பிறகு சுருங்கிக் குழிக்கும். பட்டை 3 செ.மீ. அகலம் போதும். ஏற்கெனவே குழிந்தவற்றை நனைத்து, கவிழ்த்துப் போட்டு, மேலே பலகையும் கல்லும் வைத்து இரண்டு நாள் விடுங்கள். கொஞ்சம் குழிந்தது படிந்துவிடும். ரொம்பக் குழிந்ததைக் கடைசி நாலு சுற்று பிரித்துத் திரும்பத் தைக்கத்தான் வேண்டும்.