ரொறன்ரோவிலிருந்து வந்த தேர்மோஸ்டாட் யாழ்ப்பாணத்து ஏசியை ஏன் இயக்கவில்லை?

வணக்கம் தம்பி. அக்கா அனுப்பிய தேர்மோஸ்டாட், அதாவது வீட்டின் வெப்பநிலையைப் பார்த்து ஏசியையும் ஹீற்றரையும் இயக்கும் கருவி, பழுதில்லை. யூஎஸ்பியில் சார்ஜ் ஏறி, வைஃபையும் பிடித்து, 'ஆர் வயரில் மின்சாரம் இல்லை' என்று காட்டுகிறதென்றால் அது உண்மையைத்தான் சொல்கிறது. ஆர் என்பது அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வயர்.

கனடாவில் பல வீடுகளின் நிலவறையில் ஃபர்னஸ், அதாவது வீட்டைச் சூடாக்கும் உலை, இருக்கும். அதிலுள்ள டிரான்ஸ்ஃபோர்மர் தரும் 24 வோல்ட்டில்தான் இது வேலை செய்யும். வை வயர் குளிருக்கு, டபிள்யூ வெப்பத்துக்கு, ஜி காற்றாடிக்கு. உங்கள் ஸ்பிளிட் ஏசியில் அப்படி எதுவும் இல்லை. உள் யூனிட்டே வெளி யூனிட்டைத் தன் சொந்த முறையில் இயக்குகிறது.

வீட்டுக் கறண்டை நேரடியாகக் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். 230 வோல்ட் போனால் கருவி எரியும், தொட்ட கைக்கும் ஆபத்து. ஏற்கெனவே ஏசிக்குள் வயரைச் செருகியிருந்தால் பிரேக்கரை நிறுத்திவிட்டு வயர்மேனைக் கூப்பிட்டுக் கழற்றுங்கள்.

உங்களுக்குத் தேவை அகச்சிவப்பு (கண்ணுக்குத் தெரியாத ஒளி) ஸ்மார்ட் றிமோட். சின்னப் பெட்டிதான். ஏசி றிமோட் அனுப்பும் அதே சமிக்ஞையைப் போன் வழியாக அனுப்பும். பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை வைஃபையில்தான் சேரும், உங்கள் ரவுட்டரில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஏசிக்கு நேரே, அலுமாரி மறைக்காத இடத்தில் வையுங்கள். வாங்குமுன் பழைய றிமோட்டின் முனையைப் போனின் முன்கமராவுக்குக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். ஊதா நிறத்தில் மினுங்கினால் அது அகச்சிவப்பு, இந்தப் பெட்டி சரிவரும்.

ஒரு குறை உண்டு. அம்மா பழைய றிமோட்டால் ஏசியை நிறுத்தினால் அநேகமாக போனிலுள்ள அந்தப் பெட்டியின் செயலிக்குத் தெரியாது, ஓடுகிறது என்றே காட்டும்.

தேர்மோஸ்டாட்டை யாராவது ரொறன்ரோ போகும்போது அக்காவிடமே கொடுத்துவிடுங்கள்.