பத்து நிமிடம் வாய் குழறியதுதான் கவலைக்குரியது

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, மூளை ரத்தக்குழாயிலிருந்து ரத்த உறைவை அகற்றினார்கள். இப்போது தடியூன்றி நடக்கிறார். வலது கையால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. விரல்கள் மரத்துப்போகின்றன, சீக்கிரம் களைத்துவிடுகிறார், அடிக்கடி அழுகிறார். நரம்புக்குச் சத்து மாத்திரை கொடுக்கிறேன். தோலில் நீலத் திட்டுகள் தெரிந்ததால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டோம். போன வாரம் பத்து நிமிடம் வாய் குழறியது, தானாகவே சரியாகிவிட்டது. ஆறு மாதத்துக்குப் பிறகு முன்னேற்றமே இருக்காது என்று இணையத்தில் படித்தேன். உண்மையா?

பதில்: குழறல் சரியாகிவிட்டது என்று நினைத்து இருந்துவிட்டீர்கள். அது மினி ஸ்ட்ரோக் எனப்படும் தற்காலிகப் பக்கவாதமாக இருக்கலாம். முழுப் பக்கவாதம் தொடர்ந்து வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாள்களில் மிக அதிகம். அதன் பிறகு குறையும், நீங்கிவிடாது. இன்றே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்பதைத் தயங்காமல் முதலிலேயே சொல்லுங்கள். நீலத் திட்டுகளுக்காக மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையை நிறுத்தியிருக்கவே கூடாது. அதற்காக இப்போது நீங்களாகவே மீண்டும் கொடுக்கவும் வேண்டாம். மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் உறுதியான பிறகு மருத்துவர் முடிவு செய்யட்டும். இனி வாய் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ மணியைப் பார்த்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். உறைவைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

பழைய மரத்துப்போதலும் களைப்பும் பக்கவாதத்துக்குப் பின் சகஜம். ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தாலொழிய சத்து மாத்திரை வீண். ஆனால் அழுகையை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்குச் சிகிச்சை உண்டு. மனம் சோர்ந்தவர் பயிற்சிக்கு எழுந்திருக்க மாட்டார்.

அந்த ஆறு மாதக் கெடு பொய். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும், அவ்வளவுதான். 2006இல் வெளியான எக்ஸைட் ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆகியிருந்த, மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது அசைக்க முடிந்தவர்களைச் சேர்த்தார்கள். நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையை மட்டும் இரண்டு வாரம் தீவிரமாகப் பழக்கினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் கை நன்றாக இயங்கியது. ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நிலைத்தது. வீட்டில் நீங்களாக உறை மாட்டிப் பார்க்காதீர்கள். தடியூன்றி நடப்பவருக்கு நல்ல கை கட்டப்பட்டிருந்தால் விழுந்துவிடுவார்.

இப்போது பொத்தானைப் போட்டுவிடுவது நீங்கள்தானே? அன்பால்தான் செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பயன்படுத்தாத கையை மூளை மெல்ல ஒதுக்கிவிடும். இருபது நிமிடம் ஆனாலும் அவரே போடட்டும். முடியாத கடைசிப் பொத்தானுக்கு மட்டும் கை கொடுங்கள். ஸ்கேன் முடிந்து மருத்துவர் அனுமதித்ததும், அவர் தினமும் போடும் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் போங்கள். ஒரே கையால் பொத்தான் போடவும் அவர் கற்றுத்தருவார்.