ஆறு முறை ஆஸ்கர் பரிந்துரை பெற்றும் ஒருமுறைகூட வெல்லாத துணை நடிகை தெல்மா ரிட்டர் யார்? அவர் ஏன் இன்றும் பேசப்படுகிறார்?

1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். சினிமாவில் அவர் முகம் தெரிந்தபோது வயது நாற்பத்தைந்து. 1947-இல் வந்த ‘மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ படத்தில் மகனுக்குப் பொம்மை தேடி அலைந்து களைத்த அம்மாவாகச் சில நிமிடங்கள்தான் வருவார். பெயர்ப் பட்டியலில்கூட அவர் பெயர் இல்லை.

அப்புறம் வாய்ப்புகள் வரிசையாக வந்தன. 1950 முதல் 1953 வரை வந்த படங்களுக்குத் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பரிந்துரை. பிறகு 1959, 1962 படங்களுக்கும். பெரும்பாலும் வேலைக்காரி, நர்ஸ், அம்மா வேடங்கள்தான். இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’வில் கால் உடைந்த நாயகனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே புத்தி சொல்லும் நர்ஸ் இவர்தான்.

ஆனால் அவரை அறிய ஒரே படம் பார்ப்பதென்றால், 1953-இல் வந்த ‘பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்’ பாருங்கள். கழுத்துப்பட்டி விற்றுக்கொண்டு போலீசுக்குத் துப்புக் கொடுக்கும் மோ என்ற கிழவி. அநாதைப் பிணமாகப் புதைத்துவிடக் கூடாதே என்று, தன் கல்லறைக்காகக் காசு சேர்க்கிறாள். கொலைகாரன் அறைக்குள் வந்து துப்பாக்கியை நீட்டும்போது அவள் கெஞ்சுவதில்லை. களைத்துப்போன குரலில் பேசுகிறாள். கேமரா மெல்ல நகர்ந்து சுழலும் இசைத்தட்டுக்குப் போகிறது. வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. அந்தக் களைப்பை நடிப்பு என்று சொல்லவே எனக்கு மனம் வருவதில்லை.

ஆஸ்கர் கிடைக்கவில்லையே தவிர, 1958-இல் ‘நியூ கேர்ள் இன் டவுன்’ இசை நாடகத்துக்காக, அமெரிக்க மேடை நாடகங்களுக்கான டோனி விருது வாங்கினார். 1969-இல் காலமானார்.