மரப் பள்ளிக்கூடத்தைப் பழுதுபார்க்கும் முன்

கேள்வி: எங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் ஒற்றை அறை மரப் பள்ளிக்கூடத்தைப் படிப்பகமாக மாற்ற விரும்புகிறோம். நூறு ஆண்டுக்கு மேல் பழையது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எழுத்து ஆதாரம் எதுவும் கையில் இல்லை. ஒரு பக்கச் சுவரின் அடிப்பலகைகள் இற்றுப்போயிருக்கின்றன. நான்கு சுவர்களுக்கும் புதுப் பலகை அடித்து, தரைக்குச் சிமென்ட் போட்டுவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். அப்படிச் செய்தால் கட்டடத்தின் பாரம்பரிய மதிப்பு நிற்குமா?

பதில்: பெரும்பாலும் நிற்காது. இத்தகைய சிறு பள்ளிக்கூடங்கள் பலவும் வரைபடமோ கட்டடக்கலைஞரோ இல்லாமல், கிடைத்த மரத்தைக் கொண்டு உள்ளூர்த் தச்சர்கள் எழுப்பியவை என்பதால், அவற்றைப் பற்றிய முதன்மையான ஆவணம் அந்த மரமேதான். ஒரு பக்கம் இற்றதற்காக நான்கு பக்கத்தையும் கழற்றுவது, சில பக்கங்கள் கிழிந்த பதிவேட்டை முழுவதுமாக எரித்துவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கி வைப்பதற்குச் சமம்.

ஆகவே முதல் வேலை பதிவுசெய்வது. ஒவ்வொரு சுவரையும் உள்ளும் புறமும் அளவுகோலோடு படமெடுங்கள். பலகைகளுக்கு எண் கொடுத்துக் கைவரைபடம் ஒன்றில் குறியுங்கள். வயதைக் கணிக்க ஆணியும் அறுப்புத் தடமும் உதவும். கொல்லர் அடித்த ஆணி நான்கு பக்கமும் ஒடுங்கும். இரும்புத் தகட்டிலிருந்து வெட்டிய ஆணி இரண்டு பக்கம் மட்டும் ஒடுங்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பரவலான கம்பி ஆணி உருண்டையாகச் சீராக இருக்கும். கைரம்பம் சற்றே கோணலான நேர்க்கோடுகளையும், வட்ட ரம்பம் வில்போன்ற வளைகோடுகளையும் பலகையில் விட்டுச்செல்லும். ஆனால் பழைய பலகையும் பழைய ஆணியும் வேறு கட்டடத்திலிருந்து வந்திருக்கலாம். பின்னாளைய பழுதுபார்ப்பில் புதியவை நுழைந்திருக்கலாம். ஒரு ஆணியை வைத்து ஆண்டு சொல்பவரை நம்பாதீர்கள். மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு வெட்டிய ஆண்டைக் கணிக்கும் முறையும் உண்டு. அதற்குப் பட்டையை ஒட்டிய கடைசி வளையம் எஞ்சியிருக்க வேண்டும், அதே மர இனத்துக்கு அந்தப் பகுதியில் ஆண்டு தெரிந்த வளையங்களின் ஒப்பீட்டு வரிசை தொகுக்கப்பட்டிருக்கவும் வேண்டும். வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் வளையம் தெளிவாக விழுவதில்லை. தேக்கு இதற்கு விலக்கு. எழுத்து ஆதாரத்துக்கு மாணவர் சேர்க்கைப் பதிவேடு, பள்ளி ஆய்வாளர் அறிக்கை, நில ஆவணம் ஆகியவற்றை ஆவணக் காப்பகங்களில் தேடுங்கள்.

பள்ளி என்பதற்கே உரிய தடயங்களை நான் இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். தரையில் வரிசையாக உள்ள திருகாணித் துளைகள் மேசைகள் நின்ற இடத்தைக் காட்டும். வலக்கையால் எழுதும் மாணவரின் கைநிழல் தாளில் விழாதிருக்க இடப்பக்கம் சன்னல் வைக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்ததால், சன்னல்களின் அமைப்பிலிருந்து ஆசிரியர் எந்தச் சுவரின் முன் நின்றார் என்று ஊகிக்கலாம். அந்தச் சுவரில் கருஞ்சாயம் பூசிய பலகை தெரிந்தால், அது பழைய கரும்பலகையாகவே இருக்கலாம், சுரண்டிவிட வேண்டாம். பிள்ளைகள் கீறிய பெயர்களை உளியால் சமன்செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். பலகை இற்றது நோயின் அறிகுறி; நோய் ஈரம். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே நிலையாக இருந்தால் பூஞ்சை அதை அரிக்காது. ஈரமானியை மரத்தில் குத்தினால் அளவு தெரிந்துவிடும். கூரை ஒழுக்கு, அடைபட்ட நீர்த்தாரை, காலப்போக்கில் உயர்ந்துவிட்ட வெளித்தரை, இறவாரத்திலிருந்து தெறிக்கும் மழை ஆகிய நான்கையும் சரிசெய்யாமல் புதுப் பலகை அடித்தால் அதுவும் இறும். வெளித்தரை, சுவரைத் தாங்கும் அடிச்சட்டத்துக்கு 15 முதல் 20 செ.மீ. கீழே இருக்கும்படி மண்ணை வெட்டி எடுங்கள். மரத் தரைக்கு அடியில் காற்றோடும் துளைகளைத் திறந்துவையுங்கள். சிமென்ட் தரை அந்தக் காற்றோட்டத்தை அடைத்து ஈரத்தை அடிச்சட்டத்தின் பக்கம் தள்ளும் என்பதால் அந்த யோசனையைக் கைவிடுவதே நல்லது. கரையான் மண்குழாய் தென்பட்டால் மரவேலைக்கு முன்பே அதற்கு வழிசெய்யுங்கள்.

அதன் பிறகே தச்சுவேலை. கூரான கம்பியால் குத்திப் பார்த்து, மெத்தென்று இறங்கும் பகுதியை மட்டும் வெட்டி நீக்கி, அதே இன மரத்தின் உலர்ந்த வைரப் பகுதியிலிருந்து, அதாவது கெட்டியான உள்மரத்திலிருந்து, ஒட்டுச் சேர்க்க வேண்டும். பட்டையை ஒட்டிய வெளிறு சீக்கிரம் உளுத்துப்போகும். பழைய மூட்டு கழுந்தும் (துளைக்குள் செருகும் முனை) துளையுமாக இருந்தால் புதியதும் அப்படியே அமையட்டும். மரக் கட்டடங்களுக்கென 1999இல் இக்கோமாஸ் என்ற பன்னாட்டு அமைப்பு ஏற்றுக்கொண்ட நெறிகளும் இதையே சொல்கின்றன. புதிதாகச் சேர்த்த துண்டில் பிற்காலத்தவர் அடையாளம் காணும்படி உறுத்தாத குறி இடவும் அவை பரிந்துரைக்கின்றன. தூண் சாய்ந்திருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்கும் முன் இழுத்து நிமிர்த்தாதீர்கள்.

பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். பரிசோதிக்கும்வரை உலர்வாகத் தேய்ப்பதும் நெருப்பால் பொசுக்குவதும் கூடாது.

படிப்பகம் என்ற உங்கள் எண்ணம் பொருத்தமானது. பழங்கட்டடப் பாதுகாப்புக்கான பன்னாட்டு நெறியாவணமான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும் சமூகப் பயன்பாட்டை வரவேற்கிறது, கட்டடத்தின் அமைப்பை அது மாற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஆனால் புத்தகம் மிகக் கனமானது; வகுப்பறைத் தரை அந்தச் சுமைக்காகப் போடப்பட்டதல்ல. தரைக்கு அடியிலுள்ள சட்டங்களைப் பொறியாளர் சோதித்த பின், தாழ்வான அலமாரிகளைச் சட்டங்களுக்குக் குறுக்காக, வெளிச்சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, பலகையில் ஆணி அடிக்காமல் தனியே நிற்கும்படி வையுங்கள்.